‘வல்லேன்’ என்னும் உணர்வு ஆணவமோ?

சைவசித்தாந்த நூல்களைப் பயில்வார்க்கு ஆணவம் என்னுஞ் சொல்லினும் பழகிய சொல் பிறிதொன்றின்று. பழகிய சொல்லாதலின் அதனை ஆராயாது வழங்கிவிடுதலும் எளிது. அங்ஙனம் ஆராயாது வழங்கி, நன்மகன் ஒருவருக்கு யான் இழைத்த பிழையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. ஆகலின் அதனை முதற்கண் உரைத்துப் பின்னர்ப் பொருளுட் புகுவல்.

யான் உறைவது திருவொற்றியூர். ஞாயிறுதோறும் மாலையில் பொன்னேரிக்குச் சென்று அன்பர் சிலருக்குத் திருவருட்பயன் பாடஞ் சொல்லி வருகின்றேன். வருவாருட் பெரும்பாலார் ஓய்வுபெற்ற ஆசிரியரும் சிறு வணிகருமாவர். ஒருவர் மட்டும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி செய்யும் ரோலிங் மில் ஒன்றிற் பணிபுரிவார். ஐம்பது அகவையை அணுகியவர். பாடத்தில் ஐயம் வினவுதலும் அரியர்.

அவ்வாலைத் தொழிலை அறியாதார்க்காகச் சிறிது கூறுவேன். பழைய இரும்பை மின்னுலையிலிட்டு உருக்கிப் பாளமாக வார்ப்பர். அப்பாளத்தை மீண்டும் 1,100 பாகை செல்சியசுக்கு மேற் காய்ச்சி, சுழலும் உருளைகளினிடையே பலமுறை செலுத்தி மெலிவித்து நீட்டிக் கம்பியாக்குவர். பழைய முறையில் அமைந்த ஆலைகளில், ஓர் உருளையினின்று செந்நாகம்போற் சீறி வெளிவருங் கம்பியின் தலையை நீண்ட இடுக்கியாற் பற்றி, இமைப்பொழுதிலே திருப்பி, அடுத்த உருளையின் வாயிற் கொடுத்தற்கு ஆள் நிற்றல் வேண்டும். பிடி தவறின் கம்பி சுருண்டெழுந்து காலையும் துணிக்கும். நம் அன்பர் 22 ஆண்டு அவ்விடத்தில் நின்றவர். கம்பியின் நிறத்தைக் கண்டே ‘இது இன்னுஞ் சூடேற வேண்டும்’ எனக் கூறவல்லவர் என்று அவரோடு பணிசெய்தார் சொல்லக் கேட்டேன்.

சென்ற ஆண்டில் அவ்வாலையார் கம்பியைத் தானே திருப்பிச் செலுத்தும் பொறியொன்றை அமைத்தனர். நெடுநாட் பணிசெய்தவரென்று இவரை நீக்காமல், கண்ணாடி அறையொன்றில், பொத்தான்கள் நிறைந்த பலகையின்முன் அமர்த்தினர். ஊதியங் குறையவில்லை, வெப்பமுமில்லை, உயிருக்கு இடையூறுமில்லை. இல்லத்தார் மகிழ்ந்தனர். இவரோ இளைத்தார். ஒருநாட் பாடம் முடிந்து அனைவரும் சென்றபின் என்னிடம் வந்து கூறியதாவது:

“ஐயா, என் கைக்கு வேலை போய்விட்டது. எந்த விளக்கு எதற்காக எரிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் வந்து எதையோ தட்டிவிட்டுப் போகிறார்கள். இராத்திரியில் தூக்கமில்லை. முன்பெல்லாம் இந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அது ஆணவந்தானே? அதைத்தான் சுவாமி பிடுங்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாமா?”

யான் சிறிதுந் தாழ்க்காது, “ஆம், வல்லேன் என்றெண்ணுதல் ஆணவமே, அது கழிந்தது நன்று, அமைதியுறுக” என்றேன். அவர் கைகூப்பிச் சென்றார். அடுத்த ஞாயிறன்று வந்திலர். அதற்கடுத்த ஞாயிறும் வந்திலர். மூன்று திங்கள் கழிந்தன.

இருண்மலநிலை என்னும் அதிகாரத்தை மீண்டும் பாடஞ் சொல்ல நேர்ந்தபோதுதான் என் விடை எத்துணைப் பிழைபட்டதென்பது எனக்குப் புலனாயிற்று. அதனை இனி ஆராய்வாம்.

உலகவழக்கில் ஆணவம் என்பது செருக்கு, தலைக்கனம் என்னும் பொருளில் வழங்குகின்றது. அவ்வழக்குத் தவறென்னேம், குறைவுடைத்து என்பேம். நம் ஆசிரியர்மார் கருத்தில் ஆணவமென்பது உயிரோடு அநாதியே உடன்கிடந்து, அதன் இச்சை ஞானம் கிரியை என்னும் ஆற்றல் மூன்றனையும் மறைத்து நிற்கும் இருளாம். செம்பிற் களிம்பென்றும் நெல்லின் உமியென்றும் உவமை கூறுவர். புறவிருள் பொருள்களை மறைப்பினும் தன்னையேனும் காட்டும். இம்மலவிருளோ தன்னையுங் காட்டாது பிறவற்றையுங் காட்டாது. பெயர்க்காரணமும் நோக்குக. வியாபகமாகிய உயிரை அணுப்போலக் குறுகச் செய்தலின் ஆணவம் எனப்பட்டது என்பர். உயிரைச் சிறிதாக்குவது அதன் தொழில், பெரிதாக்குவதன்று.

அற்றேல், செருக்குடையான் தன்னைப் பெரியனாக அன்றோ எண்ணுகின்றான் எனின், எண்ணுவது உண்மை, ஆவது இன்மை. தன் ஆற்றலின் எல்லையும், அது தனக்கு வந்த வாயிலும், பிறர் ஆற்றலும் அவனுக்குத் தோன்றாமல் மறைந்தமையால் அவன் அங்ஙனம் எண்ணினான். இனி, ‘என்னால் யாதும் ஆகாது; யான் எதற்கும் பயன்படேன்’ என்று இரவெல்லாம் விழித்துக் கிடப்பானையும் நோக்குக. அவனுக்கும் தன்பாலுள்ள ஆற்றல் மறைந்தது. அது விளங்குதற்குரிய வாயிலும் மறைந்தது. முன்னவன்பால் மறைத்ததும் பின்னவன்பால் மறைத்ததும் ஒரு பொருளே. முன்னவனை ஆணவமுடையான் என்று இகழ்கின்றோம். பின்னவனைப் பணிவுடையான் என்று பாராட்டியும் விடுகின்றோம். யான் செய்தது அதுவேயாம். இருள் கவிந்து வருந்தி வந்த ஒருவரிடம், ‘நின் விளக்கு அவிந்தது, ஆதலின் நின் இருள் நீங்கிற்று’ என்று கூறி விடுத்தேன். இதனினும் பேதைமை உண்டோ?

இனி, ‘வல்லேன்’ என்னும் அவ்வுணர்வுதான் யாதெனின், அதற்கும் நம் தத்துவநூலில் இடமுண்டு. அசுத்தமாயையினின்று தோன்றுவனவற்றுள் கலை என்பதொன்று. அது மலத்தைச் சிறிதே ஒதுக்கி உயிரின் கிரியாசத்தியை விளங்கச் செய்யும். வித்தை என்பது ஞானசத்தியை விளக்கும். அராகம் என்பது இச்சாசத்தியை எழுப்பும். காலம் எல்லையிட்டு அளக்கும். நியதி அவரவர் வினையை அவரவரே நுகர நிறுத்தும். இவ்வைந்தனையும் சட்டையாக அணிந்தே உயிர் உலகிற் செயற்படுகின்றது. கலை என்னும் இச்சொல்லே கைத்தொழில் நுட்பத்திற்கும் பெயராதல் கண்டு மகிழத் தோன்றுகின்றது. எனினும் சொல்லொற்றுமை கொண்டு பொருளொற்றுமை சாதித்தல் புலவர்க்கு அழகன்றாதலின் அதனை விடுக்கின்றேன்.

அவ்வன்பர் இடுக்கி பிடித்து நின்ற நிலையை இவற்றோடு வைத்துப் பாருங்கள். முதல்நாளில் அவருக்குக் கை நடுங்கியிருக்கும்; கண் கூசியிருக்கும்; கம்பி எப்பக்கம் வளையுமென்பது தோன்றியிராது. ஆண்டுகள் செல்லச் செல்ல நிறத்தைக் கண் அறிந்தது. கனத்தைத் தோள் அறிந்தது. ஓட்டத்தைக் கால் அறிந்தது. அறிந்தது கண்ணோ, தோளோ, காலோ? அல்ல, அவற்றின் வாயிலாக உயிரே அறிந்தது. மறைந்து கிடந்த ஆற்றலில் ஓர் எள்ளளவு திரை விலகி வெளிப்பட்டது. அவ்வெளிப்பாட்டை உயிர் தானே உணர்ந்ததுதான் ‘வல்லேன்’ என்பது. விழைந்து அறிந்து செய்தல் உயிருக்கு இயல்பாகலின், அவ்வியல்பு சிறிதேனும் வெளிப்படுமிடத்து இன்பமும் வெளிப்படும். மறைப்புண்ட இடத்துத் துன்பமே தோன்றும். ஊதியங் குறையாமலும், உடல் நோகாமலும், கண்ணாடி அறையிலிருந்த அவர் துயிலிழந்தமைக்குக் காரணம் இதுவே. அவரை வருத்தியது செருக்கின் அழிவன்று; மலத்தின் மறைப்பு.

ஈண்டு ஒன்றனை இடைப்பட உரைத்தல் வேண்டும். தொழிலிலே தானே இன்பம் உளதென்றாற் கூலியைக் குறைத்தாலென் என்று கருதும் ஆலைமுதல்வரும் உலகில் உளர். உயிர் கருவிகளின் வாயிலாகவே விளங்கும் என்பது நங்கொள்கை. கருவிகளுள் முதலது உடம்பு. உடம்பு உணவாலும் உறக்கத்தாலும் நிற்பது. விளக்கின் ஒளியைப் புகழ்ந்து எண்ணெயைக் குறைப்பானை என்னென்பது?

அது நிற்க. ‘வல்லேன்’ என்னும் உணர்வு நன்றெனின், வன்மையில்லாத ஒருவனுக்கும் அவ்வுணர்வை எப்படியேனும் ஊட்டிவிட்டால் அவனும் நலமுறுவானோ என்று வினவலாம். உறான், தானும் கெட்டுப் பிறரையுங் கெடுப்பான். மின்னுலைக்குப் பழைய இரும்பைப் பொறுக்கி இடுவானை எடுத்துக்கொள்வோம். மூடிக்கிடக்கும் கலமொன்றனுள் நீர் தங்கியிருத்தல் உண்டு; மழையில் நனைந்த துண்டும் உண்டு. 1,500 பாகைக்கு மேல் உருகிக் கொதிக்கும் எஃகின் அடியில் அந்நீர் அகப்படின், நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்கினும் மிக விரிந்து, உருகிய எஃகைச் சுற்றி நின்றார்மேல் வாரியெறியும். ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்னும் நினைப்பொன்றே உடைய ஒருவனை அவ்விடத்தில் நிறுத்துதல் கொலையோடொக்கும். தெரியாதான் தன் தெரியாமையையும் அறியான் என்பதனைக் குரூகர், டன்னிங் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1999-ஆம் ஆண்டிற் சோதித்து எழுதினர். தன்னையுங் காட்டாத இருளென்று நம்மவர் கூறியதற்கு இஃது ஒருபுடை ஒப்பாகும்.

ஆகவே, உண்மையான வன்மையோடு கூடிய உணர்வு வேறு. வன்மையின்றி ஊட்டப்பட்ட உணர்வு வேறு. பின்னது திரை விலகியதன்று. திரைமேல் தீட்டிய ஓவியம். சில ஆலைகளின் வாயிலில் ‘இம்மாதச் சிறந்த தொழிலாளர்’ என்று ஒருவர் படத்தை ஒட்டி, அவர் கையில் எவர்சில்வர்ப் பாத்திரமொன்று கொடுத்து அனுப்புகின்றனர். கொடுக்கட்டும், பாத்திரம் இல்லத்திற்கு உதவும். ஆயின் அவர் செய்த தொழிலின் எந்நுட்பம் சிறந்ததென்று சொல்லவல்லார் ஒருவரும் அங்கு இலராயின், அப்படம் சுவருக்கே அணியாகும். இவ்விரண்டனையும் வேறுபடுத்தி அறிதற்கு எளிய அடையாளம் ஒன்றுண்டு. உண்மையில் வல்லான் தன்னால் ஆகாதது இதுவென்று கூறத் தயங்கான். நம் அன்பர் ‘எந்த விளக்கு எதற்கென்று எனக்குத் தெரியவில்லை’ என்றாரே, அச்சொல்லே அவர் முன்னைய உணர்வு பொய்ச்செருக்கன்று என்பதற்குச் சான்றாம். அன்று அது என் செவியிற் பட்டும் உள்ளத்திற் படவில்லை.

திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திருநின்றவூரிற் பூசலார் நாயனார் பொருளின்றி மனத்தினாலே திருக்கோயில் எடுத்த வரலாறு யாவரும் அறிந்தது. மனத்தில் எடுப்பார்க்குத் தடை யாது? நினைத்த அளவிலே முடிசூட்டியிருக்கலாம். அவரோ மனத்திலே பொருள் தேடி, தச்சரைத் தேடி, நன்னாள் பார்த்து, அடிநிலை பாரித்து, இரவுந் துயிலாது, படைபடையாக உயர்த்தி, சுதைவேலை முடித்து, கிணறும் மதிலும் குளமும் வகுத்து, நெடுநாட் சென்றபின்னரே நிறைவு செய்தார் என்று சேக்கிழார் பெருமான் அருளுவர். கற்பனையிலும் முறை பிறழாமையே அப்பணியை மெய்ப்பணியாக்கிற்று. எளிதில் வரும் நிறைவை அவர் வேண்டினாரல்லர்.

மேனாட்டு உளநூலாரும் இப்பொருளை ஆராய்ந்துளர். இராபர்ட் ஒயிட் என்பார் 1959-ஆம் ஆண்டில், பசி முதலியவற்றைத் தணித்தலே முயற்சிக்கெல்லாங் காரணமென்ற கொள்கையை மறுத்து, சூழலோடு பொருந்திச் செயல்புரியும் வன்மையை நாடுதலே தனியொரு வேட்கையென்று நிறுவினார். ஆல்பர்ட் பந்தூரா என்பார் 1977-ஆம் ஆண்டில், தன் வன்மையிற் பிறக்கும் நம்பிக்கைக்கு வாயில் நான்கென்றார்: தானே செய்து முடித்தல், தன்னை ஒத்தார் செய்யக் காண்டல், பிறர் கூறும் ஊக்கமொழி, உடலும் உள்ளமும் நிற்கும் நிலை. இவற்றுள் முதலதே வலியது என்றதும் அவரே. டெசி, ரையான் என்பார் இருவர், தன்னுரிமையும் வன்மையும் உறவும் ஆகிய மூன்றும் கிட்டாதவழி மனிதர் நலமுற வாழார் என்றனர். இவை கொள்ளத்தக்கன. ஆயினும் வன்மை தோன்றிய வழியை ஆராய்ந்த இவர்கள், தோன்றாதபோது அஃது எங்கிருந்தது, யாது அதனை மறைத்தது என்று ஆராய்ந்திலர். அவ்வினாவிற்கு நம் சாத்திரத்திடமே செல்லல் வேண்டும்.

சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்தின் கருத்தை ஈண்டு நினைவுகூர்க. கண் தானே காணாது. உயிர் அதனோடு உடன்நின்று, காட்டியும் கண்டும் உதவுகின்றது. அதுபோல உயிரும் தானே அறியாது. இறைவன் அதற்குக் காட்டியும், அதனோடு உடன்நின்று கண்டும் உதவுகின்றான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று சிவஞான முனிவர் இதனை விரிப்பர். காட்டுதல் மட்டும் போதாது. காணும்போது உடனிருத்தலும் வேண்டும் என்னும் இந்நுட்பத்தை நம்மிற் பலர் வீடுபேற்றிற்கே உரியதென்று ஒதுக்கிவிட்டோம். ஒருவனுக்குத் தொழில் கற்பிக்குமிடத்தும் அதன் நிழல் விழுகின்றது.

1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிய காலத்திலும் அதற்குப் பின்னரும் அங்குள்ள சிறு பட்டறைகளில் கடைசல் கற்ற முதியோர் சிலரோடு பேசியுள்ளேன். அவர்கள் கூற்றெல்லாம் ஒருபடித்து. மேஸ்திரி ஒருமுறை செய்து காட்டுவார். பின் பையனிடம் எந்திரத்தை விட்டு, அவன் தோளருகில் வாய்பேசாது நிற்பார். இரும்புச் சுருள் நீண்டு வருமோசை மாறின், அவர் புருவம் நெரியும். பையன் கையை இழுத்துக்கொள்வான். திட்டும் உண்டு, குட்டும் உண்டு. அவற்றை யான் புகழேன். ஆனால் அவர் நின்றார். அவன் காண, அவருங் கண்டார். ஒருநாள் அவர் நில்லாது தேநீர்க்குச் சென்றுவிட்டார் என்றும், அன்றுதான் தமக்குத் தொழில் வந்துவிட்டதென்று தாம் அறிந்ததாகவும் ஒரு முதியவர் கூறினார். பட்டம் வழங்கும் விழாவினும் அது பெரிது.

இக்காலத்துக் கும்மிடிப்பூண்டியில் நிலை யாது? ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய நாடுகளினின்று இளைஞர் திரளாக வருகின்றனர். காண்டிராக்டர் ஒருவர் கீழ் வேலை. இன்று இவ்வாலை, அடுத்த திங்கள் வேறோர் ஆலை. மொழி அறியார், கையசைவே கட்டளை. ஐந்தாண்டு பிட்டர் வேலை செய்தவனும் பதிவேட்டில் ஹெல்பர் என்றே எழுதப்படுகின்றான் எனக் கேள்வியுற்றேன். அவன்பால் ஆற்றல் விளங்கியுள்ளது. ஆயினும் ‘நீ இதில் வல்லை’ என்று கண்டு கூறுவாரிலர். பெரிய ஆலைகள் பழகுநரை ஏற்றுப் பயிற்றுதல் வேண்டுமென 1961-ஆம் ஆண்டிலேயே தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் பயிற்சிக்கு இடந்தரும். தோளருகில் ஓராளை நிறுத்துதல் சட்டத்தால் இயலுமோ? உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது நம்மெய்ந்நூற் றுணிபு. தன்னைப் பெயரிட்டழைப்பாரும் இல்லாத ஓரிடத்தைச் சார்ந்த உயிர், தானும் அப்பெயரின்மையையே வண்ணமாகக் கொள்ளும். அதனை அவ்விளைஞன் குறையென்று கூறுதல் பளிங்கின்மேற் குற்றங் கூறுதலாம்.

இவ்வளவுங் கூறியபின், அன்பர் ஒருவர் தடை நிகழ்த்துவார்: ‘தன்செயல் அறுதலன்றோ நம் நெறியின் முடிபு? யான் செய்தேன் என்னும் எண்ணம் அற்று இறைபணி நிற்றலன்றோ பத்தாஞ் சூத்திரம் கூறுவது? நீவிர் ‘வல்லேன்’ என்பதனை வளர்க்கச் சொல்லுதல் முரணாகாதோ?’ என்று.

முரணாகாது. என்னை? ஒப்புவித்தல் என்பது உடையான் செயல். ஒருநாளேனும் தன்கண் ஒரு செயல் விளங்கக் காணாதவன் எதனை ஒப்புவிப்பான்? ‘என்னால் ஆகாது’ என்று சோர்ந்திருப்பது தன்செயல் அற்றதன்று, தன்செயல் தோன்றாமையாம். அறுதலுக்கும் தோன்றாமைக்கும் இடையே சுத்தத்திற்கும் கேவலத்திற்கும் உள்ள சேய்மை உண்டு. இரண்டும் புறத்தே அமைதிபோலத் தோன்றுதலின் மயங்குகின்றோம். மாயையின் கருவிகள் விடியுமளவும் வேண்டப்படும் விளக்குப்போல்வன. நள்ளிரவிலே விளக்கை அவித்துவிட்டு, ஞாயிறு எழுந்ததென்று கூறலாமோ? வல்லானாகிய ஒருவன், இவ்வன்மை காட்டுவிப்பான் காட்ட வந்தது, உடன்காண்பான் காண நின்றது என்று ஒருநாள் உணர்வானாயின், அன்று ‘வல்லேன்’ என்பது தானே ‘வல்லனாக்கப்பட்டேன்’ என்று திரியும். அத்திரிபு அவனுக்குள்ளே நிகழற்பாலது. வெளியே நின்று ஒருவன், அதிலும் பாடஞ் சொல்லும் பண்டிதன் ஒருவன், அடித்துப் பறித்தற்குரியதன்று.

இவற்றை எண்ணியபின் வாளாவிருத்தல் எனக்கு ஒல்லாதாயிற்று. மறுநாள் மாலை புகைவண்டியேறிக் கும்மிடிப்பூண்டிக்குச் சென்றேன். வேலைவிட்டு வருவார் கூட்டத்தில் அவரைக் கண்டு, நிலையத்து இருக்கையில் அமர்த்தி, “யான் அன்று கூறியது பிழை, நும்மிடத்திருந்தது ஆணவமன்று, இப்பொழுது நும்மை வருத்துவதே அதன் மறைப்பு” என்று தொடங்கி, மேலே எழுதியவற்றை எளிய சொல்லால் உரைத்தேன். முதியவன் தன்னிடம் பிழைபொறுக்க வேண்டுதல் அவருக்குக் கூச்சமாயிற்று. நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், “அந்தத் தம்பி, இஞ்சினியர் பிள்ளை, பொத்தானையெல்லாம் காட்டினார் ஐயா. காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அழுத்தும்போது பக்கத்தில் நிற்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. ஐம்பது வயசுக்காரன் எப்படிக் கூப்பிடுவது?” என்றார்.

“கூப்பிடும்” என்றேன். “கூப்பிடாமலிருக்கச் செய்வதும் அவ்விருளே.”

தலையசைத்தார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. சிறிது பொழுது கழித்து வேறொன்று வினவினார். “எனக்காவது பொத்தான் கொடுத்தார்கள். என்னோடு இடுக்கி பிடித்தவர்கள் ஆறு பேர், காண்டிராக்ட் ஆட்கள், மிஷின் வந்த வாரமே நின்றுவிட்டார்கள். என்னைவிட நன்றாகப் பிடிக்கிறவன் அதில் ஒருவன் உண்டு. அவனுக்கு என்ன சொல்வீர்கள் ஐயா?”

அதற்கு விடையாக என்னிடம் தத்துவம் யாதுமில்லை. கலியநாயனார் வரலாறு ஒன்றே நினைவிற்கு வந்தது. அவர் எம்மூரார், செக்காடும் குலத்தினர். தம் பொருளெல்லாம் திருவிளக்கிற்கே செலவாகி வறுமையுற்றபின், தம் மரபினரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி பெற்று விளக்கிட்டார். அதுவும் நின்றபின், பிறர் செக்கிலே கூலியாளாய் உழைத்து விளக்கிட்டார். பின்னர், வேலை செய்வார் பலர் உளராயினமையால் அக்கூலியும் கிடையாதாயிற்று என்று சேக்கிழார் வெளிப்பட அருளியுள்ளார். நாயனாரிடத்துத் தொழில்வன்மை குறைந்ததன்று, அன்பு குறைந்ததன்று, ஆள் மிகுந்தமையால் வேலை இல்லையாயிற்று. மனை விற்று, பின்னர் மனைவியாரையும் விற்கத் துணிந்து, கொள்வாரின்மையால், எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே நிறைக்கக் கழுத்தில் கருவியை வைத்தார். இறைவன் கை வந்து பிடித்தது. இப்புராணத்தைப் பல்லாண்டு பாடஞ் சொல்லியும், வேலை கிடைக்காத அவ்விடத்தில் யான் நின்றதில்லை. குருதிக்கும் கை பிடித்தலுக்குமே விரைந்து செல்வேன். அன்று அவ்விருக்கையிலிருந்து கூறும்போது அவ்விடத்தைக் கடக்க என்னால் முடியவில்லை.

கேட்டிருந்தவர், “அவரைச் சுவாமி பிடித்தார். இவனை?” என்றார்.

யான் விடை கூறுமுன் சென்னை வண்டி வந்தது. வரும் ஞாயிறன்று கலியநாயனார் புராணமே பாடமென்று கூறி, அவ்விடத்தில் நிறுத்திப் பேசுவோம், அந்நண்பரையும் உடனழைத்து வருக என்றேன். வருவதாகச் சொன்னார். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் கடந்து திருவொற்றியூரில் இறங்கியபோது கோயிலில் அர்த்தசாமமாயிருந்தது. படம்பக்கநாதர் சந்நிதியில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

திருச்சிற்றம்பலம்